துவக்கும் சட்டமும்

இலக்கிய விமர்சகன் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் சில கேள்விகளை எழுப்புவது வழக்கம். இதிற் பேசுபவன் யார்? யாரை நோக்கிப் பேசுகிறான்? யாருடைய வாழ்வு இதில் இடம்பெற்றிருக்கிறது, யாருடைய வாழ்வு விடுபட்டுப் போயிருக்கிறது? இக்கேள்விகளைக் கதைக்கும் கவிதைக்கும் மட்டுமே உரியனவாக நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். சட்ட நூல்களோ வழக்கறிஞரின் அலமாரியிலே தூசி படிந்து கிடக்கின்றன. ஆயினும், மக்களின் அன்றாட வாழ்வை எந்த நாவலையும் விட ஆழமாகத் தொடுகின்ற எழுத்து ஒன்று உண்டெனில் அது சட்டமே. நாவலைப் படியாதவனை நாவல் ஒன்றும் செய்துவிடாது; சட்டத்தைப் படியாதவனைச் சட்டம் தேடி வந்து பிடித்துக்கொள்ளும்.

அவ்வகையிலே, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தைக் கண்டியிலிருந்து வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அன்னிய ஆட்சியில் எழுதப்பட்ட இச்சட்டம், பல திருத்தங்களோடு, ஒரு நூற்றாண்டு கடந்தும் இலங்கையில் வழக்கிலிருக்கிறது. யார் துவக்கு வைத்திருக்கலாம், யாருக்கு ரவை விற்கலாம் என்று தீர்மானிப்பது அதுவே. அதனைக் கண்டியிலிருந்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. துவக்கும் அரசும் மக்களும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட வரலாறு இந்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்கவில்லை.

துவக்கு என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். நாம் துவக்கு என்கிறோம். அயலிலுள்ள சிங்களக் கமக்காரன் துவக்குவ என்கிறான். துருக்கியர் நாவிற் பிறந்து கடல் கடந்து வந்த ஒரே சொல் இரு மொழிகளிலும் குடியேறியிருக்கிறது. சொல் அன்னியமாயினும் பொருள் கண்டி மலைகளுக்கு அன்னியமாக இருக்கவில்லை. கண்டி இராச்சியத்துக் கொல்லர் துவக்குச் செய்வதில் வல்லவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதனை அனுபவித்து அறிந்தனர். பொன்னும் வெள்ளியும் மணிகளும் இழைத்த லெவ்கே திசாவையின் சிறு பீரங்கியை 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டுச் சென்றனர். பின்னர் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையில் அயலாருக்குக் காட்சிப் பொருளாயிருந்த அதனை 2023ஆம் ஆண்டிலேதான் நெதர்லாந்து திருப்பித் தந்தது. பீரங்கி அரசனுக்குரியது, அது திரும்பி வந்தது செய்தியாயிற்று. சாதாரணக் குடியானவனின் துவக்கு என்னவாயிற்று என்பதே நமது கேள்வி.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817–18 கிளர்ச்சி இரத்தத்திலே அடக்கப்பட்டது. அதன் பின்னரும் மலைநாட்டுக் கிராமத்தவனிடம் பழைய துவக்கொன்று எஞ்சியிருந்தது. அது போருக்கென வைத்திருந்ததன்று. சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கவும், எப்போதாவது சட்டிக்கு இறைச்சி சேர்க்கவும் அது உதவியது. துவக்கும் நாயும் அவனது காவலர் இருவர்.

1848ஆம் ஆண்டில் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் அரசாங்கம் இவ்விரு காவலர்மீதும் வரி விதித்தது. துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். நாயொன்றுக்கு 1 ஷில்லிங். கடைக்கும் வரி. இவற்றோடு, அவ்வாண்டின் 8ஆம் இலக்கச் சாலைச் சட்டத்தின்படி ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவிலே உடலுழைக்க வேண்டும், அன்றேல் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது பயன் தரும். ஆறு நாள் உழைப்புக்கு 3 ஷில்லிங் எனின், ஒரு நாள் உழைப்பை அரசாங்கமே 6 பென்ஸ் என மதித்திருக்கிறது. அந்த மதிப்பின்படி, தன் சொந்தத் துவக்கைத் தன் சொந்த வீட்டில் வைத்திருப்பதற்குக் குடியானவன் கொடுக்க வேண்டியது ஐந்து நாள் உழைப்பு. அதே காலத்திலேதான் கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. 1847ஆம் ஆண்டின் விலை வீழ்ச்சியால் நொடிந்த கோப்பித் துரைமாரின் சுமை இறங்கிற்று. இறங்கிய சுமை யார் தோளில் ஏறிற்று என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1848 ஜூலை 6ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் கண்டிக் கச்சேரியின் முன்னே திரண்டு இவ்வரிகளை எதிர்த்தனர். அம்மாத இறுதியில் மாத்தளையிலே கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டி போகம்பரையிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதத்தில் கடஹபொல தேரர் காவியுடையோடு சுட்டுக் கொல்லப்பட்டார். துவக்குக்கு வரி கேட்ட அரசு, வரி கொடாதவனுக்குத் துவக்காலேயே விடை சொல்லிற்று. பிரித்தானியப் பாராளுமன்றமே விசாரணை நடத்தி, 1850இல் டொரிங்டன் பதவி விலக நேர்ந்தது உண்மை. அந்த வரியும் அதே உருவில் நீடிக்கவில்லை. ஆனால், குடியானவனின் துவக்கு அரசின் ஐயத்துக்குரியது என்ற எண்ணம் அன்று வேரூன்றியது, அது பெயர்க்கப்படவேயில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதே மலைகளிலே மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி, 1845இல் இடி விழுந்து மாள்வதற்கு முன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவன் எனப் புகழப்பட்டான். சாமுவேல் பேக்கர் இலங்கையில் தான் ஆடிய வேட்டையைப் பற்றி 1854இல் ஒரு நூலே வெளியிட்டான். பயிரைக் காக்கப் பன்றியைச் சுடுபவன் வரி கொடுக்க வேண்டியவன். பொழுதுபோக்குக்காக யானையைச் சுடுபவன் வீரன். 1900ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாருக்கென்றே, ஐரோப்பியரை மட்டும் உறுப்பினராகக் கொண்டு, இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படை அமைந்தது. அதன் தலைமையகம் கண்டியிலே இருந்தது. 1949இல் அப்படை கலைக்கப்படும் வரை, பகலிலே பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்த துரையே படைவீரனாகவும் விளங்கினான். அவன் முன்னே நின்ற நம்மவனின் கையிலிருந்தது கவ்வாத்துக் கத்தி.

இந்தப் பின்னணியிலேதான் 1915ஆம் ஆண்டை அணுக வேண்டும். அவ்வாண்டு மே 28ஆம் நாளிரவு, வெசாக் காலத்தில், கண்டி நகரிலே சிங்கள – முஸ்லிம் கலவரம் மூண்டு பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. பட்டாளத்தோடு ஐரோப்பியத் தோட்டக்காரரும் வணிகரும் ஆயுதந்தாங்கிய தொண்டர்களாகக் கிராமங்களுட் புகுந்தனர். விசாரணையின்றியே பலர் சுடப்பட்டனர். கொழும்பிலே, நகர்காவற்படையில் அதிகாரியாக நியமிக்கப்பட்டிருந்த ஹென்றி பெதிரிஸ் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆயுதம் தந்து அதிகாரியாக்கிய அரசே அவனை ஆயுதத்தின் முன் நிறுத்திற்று. உள்நாட்டவனுக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கை எந்நேரமும் பறிக்கப்படக்கூடிய இரவல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இக்கொடுமைகளைச் சட்டநிரூபண சபையிலே எடுத்துரைத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1916இல் இலண்டனில் அவர் நூலாகவும் இதனை வெளியிட்டார். அவரது துணிவைப் பாராட்டாதிருக்க முடியாது. எனினும் விமர்சனத்தின் கடமை பாராட்டோடு முடிவதில்லை. தொண்டர் என்ற பெயரில் வந்த வெள்ளையரின் துவக்குக்கு இலக்கான சிங்கள மக்களைக் கண்ட அவரது கண், கும்பலின் தடிக்கும் தீக்கும் இலக்கான முஸ்லிம் மக்களின் துயரை அதே அளவு காணவில்லை. தமிழ்த் தலைமையின் அந்தப் பாராமுகம் தமிழ் – முஸ்லிம் உறவிலே விட்டுச்சென்ற கசப்பு எளிதில் அகலவில்லை. பலாத்காரத்தை எதிர்ப்பவன் எல்லாக் கைகளிலுமுள்ள பலாத்காரத்தையும் எதிர்க்க வேண்டும். அன்றேல் அது வாதமாக மட்டுமே எஞ்சும்.

கலவரத்துக்கு அடுத்த ஆண்டிலே சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. இனி அதன் அமைப்பை நோக்குவோம். அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருக்கலாகாது. அப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியாகும். ஆகவே உரிமை என்பது ஓராண்டுக்கு மட்டுமே. பத்திரமில்லாதவனுக்கு ரவை விற்பதும் குற்றம். பத்திரம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் மனத்தைப் பொறுத்தன. இந்தியாவிலே லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், வந்த ஆயுதச் சட்டத்தின் நடைமுறையில் ஐரோப்பியருக்கு வெளிப்படையாகவே விலக்களிக்கப்பட்டிருந்தது. அங்கே இனபேதம் பகிரங்கமாக நின்றது; ஆகவே தேசிய இயக்கம் அதனை நேருக்கு நேர் எதிர்க்க முடிந்தது. நமது சட்டமோ ‘ஆள்’ என்று பொதுவாகப் பேசுகிறது. ஆனால் அந்த ‘ஆள்’ கச்சேரிக்குப் போய் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன். கிராமத் தலைமைக்காரன் நற்சான்று கொடுக்கத் தக்கவன். காக்கப்படுவதற்கு நிலமோ பொருளோ உடையவன். பெயர் சொல்லாமலே வர்க்கத்தைக் குறிப்பிடும் கலையைச் சட்டம் நன்கறியும்.

இந்நூலில் இடம்பெறாத பாத்திரங்களுள் ஒருவன் தோட்டத் தொழிலாளி. 1940 ஜனவரியிலே, கண்டிக்கு அருகே ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துவக்குச் சூட்டுக்குப் பலியானான். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அப்போராட்டத்தையொட்டி எழுந்த பூசலிலே தேசாதிபதியும் அமைச்சர்களும் மோதி, அமைச்சர்கள் பதவி விலகுமளவுக்கு விவகாரம் முற்றியது. மலையகத் தமிழன் துவக்கோடு கொண்ட உறவு பெரும்பாலும் இவ்வளவே: அவன் அதன் பின்னால் நின்றதில்லை, முன்னால் நின்றிருக்கிறான். கண்டிச் சீமைக்கு வந்த நாளிலிருந்து காடழித்தவன், 1948இல் பிரசாவுரிமையையும் இழந்தான். நாட்டுக்கே உரியவனல்லன் என்று எழுதப்பட்டவன் துவக்குக்கு உரியவனாவது எங்ஙனம்?

சுதந்திரத்தின் பின் சட்டம் திருந்தியதா என்று கேட்கலாம். 1956இல் வெடிபொருட் சட்டம் வந்தது. 1966இல் தாக்குதற்குரிய ஆயுதங்கள் பற்றிய சட்டம் வந்தது. 1971 ஏப்ரலிலே, பெரும்பாலும் கிராமத்துச் சன்னத் துவக்குகளையும் கையாற் செய்த குண்டுகளையும் ஏந்திய இளைஞர் கிளர்ந்தனர். பின்னர் பெரும் யுத்தம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தானியங்கித் துவக்கு வைத்திருப்போருக்கு ஆயுட் சிறையை விதித்தது. தண்டனை வளர்ந்தது, ‘யார் நம்பத் தக்கவர்’ என்ற பழைய கேள்வி மட்டும் மாறாமல் நின்றது. யுத்த காலத்திலும் அதன் பின்னரும் அரசியல்வாதிகளும் செல்வாக்குள்ளோரும் தற்பாதுகாப்பு என்ற பெயரில் அரசிடமிருந்தே துவக்குகளைப் பெற்றனர். 2024ஆம் ஆண்டின் இறுதியிலே பாதுகாப்பு அமைச்சு அவற்றைத் திரும்ப ஒப்படைத்து மீளாய்வுக்கு உட்படுத்துமாறு கட்டளையிட்டபோதுதான், சலுகையாக வழங்கப்பட்ட ஆயுதம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைப் பொதுமக்கள் சிந்திக்கத் தொடங்கினர்.

இனி மலைச்சரிவுக்குத் திரும்புவோம். ஹேவாஹெட்ட, உடுதும்பர, கலகா முதலிய இடங்களிலே மரக்கறித் தோட்டம் செய்பவனைக் கேட்டால் அவன் முதலில் சொல்வது பன்றியைப் பற்றித்தான். அடுத்தது குரங்கு, முள்ளம்பன்றி. ஓரிரவிற் பன்றிக் கூட்டமொன்று கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போகிறது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலையிலே ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணுமாறு அரசே மக்களைக் கேட்டுக்கொண்டமை, துன்பம் உண்மையானதென்பதை ஒப்புக்கொண்டதாகும். நிலமுடையவன் பயிர்ப் பாதுகாப்புக்கென விண்ணப்பித்து, அலைந்து, சன்னத் துவக்கொன்றுக்குப் பத்திரம் பெறக்கூடும். ரவை வாங்கவும் அவனால் இயலும். லயத்தின் பின்னே தோட்டத்து நிலத்தில் நாலு பாத்தி போட்டவன் எந்த உறுதியைக் காட்டுவான்? அவன் குடியிருக்கும் காம்பராவே அவனுக்கு உரியதன்று.

ஆகவே சட்டம் மறுத்த இடத்தில் வேறொன்று முளைக்கிறது. அதுதான் கட்டுத்துவக்கு. நீர்க்குழாயோ இரும்புத் துண்டோ குழலாகிறது. பன்றி வரும் தடத்திலே அதனை மரத்தோடு கட்டி, விசையிலிருந்து மெல்லிய நூலொன்றைத் தடத்தின் குறுக்கே இழுத்துவிடுகிறார்கள். நூலைத் தட்டுவது பன்றியா மனிதனா என்று துவக்குக்குத் தெரியாது. விடியற் பொழுதில் விறகுக்கோ தண்ணீருக்கோ புல்லுக்கோ போகும் தொழிலாளியின் முழங்காலுயரத்தில் அது வெடிக்கிறது. காலை இழப்பவன் துரையல்லன், அமைச்சனல்லன். கட்டுத்துவக்கை வைத்தவனும் ஏழை, அதில் அடிபட்டவனும் ஏழை. ஒருவன் சிறைக்கும் மற்றவன் வைத்தியசாலைக்கும் போக, பன்றி மறுநாளும் வருகிறது. தீனியிலே மறைத்து வைக்கும் பன்றிவெடியின் கதையும் இதுவே. சட்டத்தின் ஏடுகளில் இவை குற்றங்கள் மட்டுமே. விமர்சகனின் கண்ணுக்கு இவை அச்சட்டம் எழுதாமல் விட்ட அத்தியாயங்கள்.

அவ்வாறாயின் எல்லோருக்கும் துவக்குக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘பிரபுவுக்கு ஆயுதம் உண்டெனில் பாட்டாளிக்கும் ஆயுதம் வேண்டும், அதுதானே முற்போக்கு?’ என்பது அவரது வாதம். கேட்பதற்கு வீரமாகத் தோன்றும் இவ்வாதத்தை நாம் ஏற்க முடியாது. 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தைக் காட்டித் துவக்கைப் பிறப்புரிமையாகப் போற்றும் அமெரிக்காவிலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்படும் செய்தி வழக்கமான செய்தியாகிவிட்டது. அங்கே துவக்கு பெருகியதால் ஏழையின் நீதி பெருகவில்லை. துவக்கு வணிகனின் இலாபம் பெருகியது. அவுஸ்திரேலியாவோ வேறு வழி சென்றது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரிலே 35 பேர் கொல்லப்பட்டபின், அந்நாடு சட்டத்தை இறுக்கியதோடு நில்லாமல், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. நாம் தண்டனையை மட்டும் உயர்த்திய அதே ஆண்டில், அவர்கள் துவக்கை ஒப்படைத்தவனுக்கு ஈடும் கொடுத்தனர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

துவக்கைக் கட்டுப்படுத்தினாற் பலாத்காரம் ஒழிந்துவிடும் என்றும் நாம் மயங்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சிலே, 1915ஆம் ஆண்டு தொடங்கி நூற்றுமூன்று ஆண்டுகள் கழிந்த பின், இதே கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரித்தவர்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. பெற்றோலும் கல்லும் வதந்தியும் போதுமாயிருந்தன. வெறுப்புக்குச் சட்டம் மட்டும் மருந்தாகாது. ஆனால் அந்த வெறுப்பின் கையிலே துவக்கும் மலிவாகக் கிடைத்திருந்தால் திகனையின் கணக்கு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவன், கட்டுப்பாடு வேண்டாமெனச் சொல்லத் துணியமாட்டான்.

ஆகவே நமது குறை, சட்டம் இறுக்கமானது என்பதன்று. அது ஒரு பக்கத்தில் மட்டுமே இறுக்கமானது என்பதே. 1848இல் வரியாகவும், 1916இல் பத்திரமாகவும், பின்னர் சலுகையாகவும் அது கேட்டுவந்தது ஒரே கேள்வி: எவனை நம்பலாம்? அதன் இடத்தில் வேறு கேள்வி எழ வேண்டும்: எவனுடைய உயிர் காக்கப்படும்? இக்கேள்வியை ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியவை தாமே தெளிவாகும். எந்தக் காரணத்துக்காக எத்தனை துவக்குகளும் ரவைகளும் தனியார் கைக்குக் கொடுக்கப்படுகின்றன என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். கட்டுத்துவக்கை ஒப்படைப்பவனுக்குத் தண்டனைக்குப் பதில் வேலியும் நட்டஈடும் கிடைக்க வேண்டும். பயிரைக் காக்கும் பொறுப்பைத் தனிமனிதனின் தலையிற் சுமத்தாமல், கமநல சேவை நிலையங்களின் கீழ்ப் பயிற்சி பெற்ற காவற் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும். அக்குழுவிலே கிராமத்துச் சிங்களவனும் லயத்துத் தமிழனும் முஸ்லிம் கமக்காரனும் சேர்ந்து அமர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத் தொழிலாளி தான் பயிரிடும் மண்ணுக்கு உறுதி பெற வேண்டும்.

லெவ்கே திசாவையின் பீரங்கி இன்று கொழும்பு அரும்பொருட்சாலையிலே கண்ணாடிக்குள் இருக்கிறது. மாணவர் வரிசையாக வந்து பார்க்கின்றனர். நல்லது, பார்க்கட்டும். நீர்க்குழாயில் கட்டிய துவக்கொன்றையும் அதனருகே வைத்து, அது எந்த மலையில், எதற்காக, யாருடைய காலைப் பறித்தது என்று எழுதி வைக்கும் நாள் வர வேண்டும். அந்நாளிலே அத்தகைய துவக்கு அரும்பொருட்சாலையில் மட்டுமே காணக் கிடைக்கும் பொருளாகியிருக்க வேண்டும். அதுவரை, 1916ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய அந்நூல் முற்றுப்பெறவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.